எல்லாப் பையையும் பரிசோதிக்கிறார்களே, பிறகு எதற்கு அந்தரங்கக் கேள்விகள்?

ரத்த தான முகாமில் கையில் தரும் படிவம் பெயர், வயது, எடை, கடைசியாகச் சாப்பிட்ட நேரம் என்று சாதாரணமாகத்தான் தொடங்கும். பாதியில் திசை மாறும். ஒருவருக்கு மேற்பட்டவரோடு உடலுறவு உண்டா, பால்வினை நோய்க்குச் சிகிச்சை எடுத்ததுண்டா, போதை ஊசி போட்டதுண்டா என்று கேட்கும். பலர் இந்த இடத்தில் படிக்காமலே வரிசையாக 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டு நகர்கிறார்கள். கேட்டால், "எப்படியும் டெஸ்ட் பண்ணித்தானே ஏத்துவாங்க" என்கிறார்கள்.

2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. 'தொற்று இல்லை' என்று சான்று பெற்று வந்த பை அது. கொடுத்தவரின் ரத்தத்தில் தொற்று இருப்பது 2016இலேயே வேறொரு முகாமில் தெரிந்திருந்தும், அந்தத் தகவல் அவரிடம் போய்ச் சேரவில்லை. வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில்தான் அவர் அறிந்தார். அறிந்ததும் தானே ரத்த வங்கிக்குச் சொன்னார். அதற்குள் ரத்தம் ஏற்றியாகிவிட்டது. அந்த மாதம் முடிவதற்குள் ரத்தம் கொடுத்த அவர் உயிரோடு இல்லை.

சோதனை, கேள்வி, தகவல் என்ற மூன்று கதவுகளில் முதலாவதை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை அந்தச் சம்பவம் காட்டியது. கேள்வி என்ற இரண்டாவது கதவு எதைக் காக்கிறது, அது ஏன் அடிக்கடி திறந்தே கிடக்கிறது என்பதை இங்கே பார்க்கலாம்.

ஒரு பை, மூன்று நோயாளிகள்

45 கிலோவுக்கு மேல் எடை உள்ளவரிடம் 350 மில்லி, 55 கிலோவைத் தாண்டியவரிடம் 450 மில்லி வரை எடுக்கிறார்கள். அந்த ரத்தத்தைப் பெரும்பாலும் அப்படியே ஏற்றுவதில்லை. சுழற்றிப் பிரித்து மூன்றாக்குகிறார்கள்.

1. சிவப்பணு. 2 முதல் 6 டிகிரி குளிரில் வைத்தால், சேர்க்கும் பாதுகாப்புக் கரைசலைப் பொறுத்து 35 அல்லது 42 நாள் தாங்கும்.
2. தட்டணு, அதாவது பிளேட்லெட். 20 முதல் 24 டிகிரியில் ஆட்டிக்கொண்டே வைத்திருக்க வேண்டும். ஆயுள் 5 நாள்தான்.
3. பிளாஸ்மா. உறையவைத்தால் ஓராண்டு இருக்கும்.

ஒருவர் மறைத்த ஒரு விஷயம் இப்படி மூன்று படுக்கைகளுக்குப் போகிறது. ரத்தம் வாங்குபவர்களில் பிரசவத்தில் ரத்தம் இழந்தவர், தலசீமியா என்ற ரத்தக் குறைபாட்டோடு பிறந்த குழந்தை, புற்றுநோய் மருந்தால் தட்டணு விழுந்தவர் என்று ஏற்கெனவே நைந்துபோன உடம்புக்காரர்களே அதிகம். எச்.ஐ.வி. உள்ள ரத்தத்தை ஏற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தொற்றிக்கொள்ளும். தொற்று பரவும் வேறெந்த வழியிலும் ஆபத்து இவ்வளவு உயரம் போவதில்லை.

சாளரக் காலம்: கருவிக்குத் தெரியாத நாட்கள்

கிருமி உடலில் நுழைந்த நாளுக்கும், சோதனையில் அது முதன்முதலாகத் தெரியும் நாளுக்கும் இடையே உள்ள காலத்துக்குச் சாளரக் காலம் என்று பெயர். ரத்த வங்கிக்காரர்கள் விண்டோ பீரியட் என்றே சொல்வார்கள். இந்த நாட்களில் ஒருவர் ரத்தம் கொடுத்தால், சோதனை முடிவு 'இல்லை' என்று வரும், ரத்தத்தில் கிருமி இருக்கும். சோதித்தவர் தவறு செய்யவில்லை, கருவியும் பழுதாகவில்லை. ஆனாலும் அந்த விடை தவறு.

இந்தியச் சட்டப்படி ஒவ்வொரு பைக்கும் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதனை கட்டாயம். ஆனால் எந்த முறையில் சோதிக்கிறார்கள் என்பதைப் பொறுத்துச் சாளரத்தின் அகலம் மாறும். எச்.ஐ.வி.யை எடுத்துக்கொண்டால்:

1. உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளை மட்டும் தேடும் எலைசா சோதனையில் சுமார் 3 வாரம்.
2. எதிர்ப்பொருளோடு கிருமியின் புரதத்தையும் சேர்த்துத் தேடும் நான்காம் தலைமுறைச் சோதனையில் சுமார் 16 நாள்.
3. கிருமியின் மரபுப்பொருளையே தேடும் நாட் சோதனையில் சுமார் 10, 11 நாள்.

ஹெபடைட்டிஸ் சி கிருமியை நாட் ஒரு வாரம் பத்து நாளில் பிடித்துவிடும். எதிர்ப்பொருள் சோதனை மட்டும் என்றால் இரண்டு மாதம்கூட ஆகலாம். ஹெபடைட்டிஸ் பி மிக மெதுவாகப் பெருகுவதால் வழக்கமான சோதனையில் ஐந்து வாரம் வரை தெரியாமல் இருக்கும், நாட் செய்தாலும் சில வாரங்கள் கண்ணில் படாது. எச்.ஐ.வி.யைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். நம் நாட்டில் அதைவிடப் பரவலாக இருப்பதும் உடலுறவிலும் ரத்தத்திலும் அதைவிட எளிதாகத் தொற்றுவதும் ஹெபடைட்டிஸ் பி.

நாட் சோதனை இந்தியாவில் இன்னும் கட்டாயமில்லை. செலவு அதிகம் என்பதால் பெரிய மையங்கள் சிலவே செய்கின்றன. அவற்றிலும் சில, செலவைக் குறைக்க ஆறு பேரின் மாதிரியை ஒன்றாகக் கலந்து சோதிக்கின்றன. கலக்கும்போது கிருமியின் அடர்த்தி ஆறில் ஒரு பங்காகிவிடும்.

நாட் செய்தும் ஏன் தப்புகிறது என்பதற்கு ஒரு கணக்கு. கருவிக்குள் போவது அரை மில்லி முதல் ஒரு மில்லி வரையிலான மாதிரி. பிளாஸ்மாப் பையில் இருப்பதோ சுமார் 200 மில்லி. தொற்றிய முதல் நாட்களில் 20 மில்லிக்கு ஒரு கிருமிதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதிரியில் அது சிக்க வாய்ப்பு மிகக் குறைவு. பையில் பத்துக் கிருமிகள் இருக்கும். பானையிலிருந்து ஒரு கரண்டி எடுத்துப் பார்த்துப் பானை முழுவதையும் சுத்தம் என்று சொல்வது போன்றது இது. நாளை இதைவிட நுட்பமான கருவி வந்தாலும் கரண்டி கரண்டிதான்.

ஒரு உதாரணம். ஒருவருக்கு 1ஆம் தேதி தொற்று ஏற்படுகிறது. 9ஆம் தேதி அலுவலகத்தில் முகாம். அன்று அவருக்குக் காய்ச்சல் இல்லை, எடை சரி, ஹீமோகுளோபின் 12.5க்கு மேல். எலைசாவில் தெரியாது, நாட் சோதனையிலும் தெரியாமல் போகலாம். அந்தப் பையை நிறுத்தக்கூடிய ஒரே விஷயம், 1ஆம் தேதி நடந்ததை அவர் சொல்வது.

படிவத்தின் கேள்விகள் காவல் நிற்பது இந்தச் சில நாட்களுக்குத்தான். வாழ்க்கையில் யார் ஒழுங்கு, யார் ஒழுங்கில்லை என்று பிரிக்கும் வேலை அவற்றுக்குக் கிடையாது.

கேள்விகளும் அவற்றின் காரணங்களும்

படிவம் மையத்துக்கு மையம் கொஞ்சம் மாறும். மையங்கள் பின்பற்றுவது தேசிய ரத்த மாற்றுக் குழுமம் 2017இல் வெளியிட்ட கொடையாளர் தேர்வு விதிகளை. அதிகம் குழப்பும் சில:

1. *பல துணைவர்கள்.* துணைவர்களின் எண்ணிக்கை கூடக் கூட அண்மையில் தொற்று ஏற்பட்டிருக்கும் வாய்ப்பும் கூடும். ஆணுறை ஆபத்தை வெகுவாகக் குறைக்கும், பூஜ்யமாக்காது. ஆகவே 'பாதுகாப்பாகத்தான் இருந்தேன்' என்பவரும் கேள்விக்கு 'ஆம்' என்றே பதில் சொல்ல வேண்டும்.

2. *துணைவரின் ஆபத்து.* தன் வாழ்க்கையில் ஒருவரே என்று இருப்பவருக்கும் அந்த ஒருவர் வழியாகத் தொற்று வரலாம். 'எனக்குக் கல்யாணமாகிவிட்டது' என்பது இந்தக் கேள்விக்கு விடை ஆகாது. கணவர் சொல்லாத ஒன்றை மனைவி படிவத்தில் எழுத முடியாது என்பதும் உண்மை. ஆனால் உள்ளுக்குள் சந்தேகம் இருந்தால் அதுவே விலகிக்கொள்ளப் போதிய காரணம்.

3. *பால்வினை நோய்.* சிபிலிஸ், கொனோரியா வந்து சிகிச்சையில் குணமானவர்களையும் இந்திய விதி நிரந்தரமாக விலக்குகிறது. நோய் வந்த வழியிலேயே வேறு கிருமியும் வந்திருக்கக்கூடும், பிறப்புறுப்புப் புண் எச்.ஐ.வி.க்கு எளிதான வாசல் என்பவை காரணங்கள்.

4. *மஞ்சள் காமாலை.* 'சின்ன வயதில் வந்தது, கீழாநெல்லி கொடுத்தார்கள், சரியாகிவிட்டது' என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். காமாலை ஒரு அறிகுறி மட்டுமே. தண்ணீரில் பரவும் ஹெபடைட்டிஸ் ஏ, இ வகை என்று உறுதியானால் 12 மாதம் ஒத்திவைப்பு. பி, சி அல்லது எதனால் வந்தது என்று தெரியாத காமாலை என்றால் நிரந்தர விலக்கு.

5. *பச்சை குத்தியது, ரத்தம் ஏற்றிக்கொண்டது.* இவற்றுக்கு 12 மாதம். கோயில் திருவிழாவில் ஒரே ஊசியால் பலருக்குக் குத்தியதும் பச்சைதான்.

6. *மாத்திரைகள்.* எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க முன்கூட்டியே எடுக்கும் பிரெப் மாத்திரை, ஆபத்துக்குப் பிறகு 28 நாள் எடுக்கும் பெப் மாத்திரை இரண்டையும் கட்டாயம் சொல்ல வேண்டும். பொறுப்போடு இருப்பவர்கள்தான் இவற்றை எடுக்கிறார்கள். ஆனால் ஒருவேளை தொற்று ஏற்பட்டிருந்தால், இந்த மருந்து கிருமி பெருகுவதை அடக்கி, எதிர்ப்பொருள் உருவாவதையும் தள்ளிப்போடும். சாளரம் 11 நாளிலிருந்து எவ்வளவுக்கு நீளும் என்று யாராலும் கணிக்க முடியாது.

இதோடு சேர்ந்த இன்னொரு குழப்பம்: 'சிகிச்சையில் கிருமி அளவு கண்டறிய முடியாத நிலைக்குப் போனால் தொற்றாது என்கிறார்களே?' அது உடலுறவுக்கு முழு உண்மை, நன்றாக நிரூபணமான உண்மை. ரத்தம் ஏற்றுவதற்கு அது பொருந்தாது. அங்கே நூற்றுக்கணக்கான மில்லி நேராக நாளத்துக்குள் போகிறது. கரண்டிக்கும் பானைக்கும் உள்ள அதே கணக்கு.

ஏன் மறைக்கிறார்கள்

மறைப்பவரைக் குற்றவாளியாகப் பார்ப்பது சுலபம். பெரும்பாலான பொய்கள் பிறப்பது அந்த மேசையின் சூழலால்.

முதலாவது, உறவினர் அழுத்தம். அறுவை சிகிச்சைக்கு இரண்டு யூனிட் வாங்கினால் பதிலுக்கு இரண்டு பேர் கொடுங்கள் என்று கேட்கும் வழக்கம் நாட்டின் பல மருத்துவமனைகளில் இருக்கிறது. மாமனாருக்கு ஆபரேஷன், வார்டு வாசலில் சொந்தபந்தம் கூடியிருக்கிறது, மருமகன் ரத்தம் கொடுக்க உள்ளே போகிறார். இரண்டு நிமிடத்தில் வெளியே வந்தால் 'ஏன் எடுக்கலையாம்?' என்று பத்துப் பேர் கேட்பார்கள். அந்த நிலையில் உண்மை சொல்பவர் எத்தனை பேர்? தன்னார்வக் கொடையை மட்டுமே நம்ப வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துவதற்கு இது முக்கியக் காரணம். பணத்துக்கு ரத்தம் விற்பதை உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு முடிவுக்குக் கொண்டுவந்தது. 1998 ஜனவரி 1 முதல் அது தடை. பணம் போனது, பொய் சொல்லவைக்கும் கட்டாயம் வேறு உருவத்தில் தங்கிவிட்டது.

இரண்டாவது, முகாமின் அவசரம். கல்லூரி, தொழிற்சாலை, தலைவர் பிறந்தநாள் முகாம்களில் இலக்கு ஒன்று இருக்கும். ஒரே மேசையில் நாலு பேர் குனிந்து எழுதுவார்கள். பக்கத்தில் நண்பன், பின்னால் மேலாளர். சில இடங்களில் தன்னார்வலர்களே எல்லாருக்கும் 'இல்லை' என்று நிரப்பி, கையெழுத்து மட்டும் வாங்குகிறார்கள். அந்தப் படிவம் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

மூன்றாவது மிக ஆபத்தானது: சோதனைக்காகவே ரத்தம் கொடுப்பவர்கள். ஒரு சம்பவம் நடந்துவிட்டது, மனதில் பயம், எச்.ஐ.வி. சோதனை என்று ஆய்வகத்தில் போய்க் கேட்கக் கூச்சம். ரத்தம் கொடுத்தால் அவர்களே சோதித்துச் சொல்லிவிடுவார்கள் என்று முகாமுக்கு வருகிறார்கள். பயம் புதிதாக இருக்கும்போது வருவதால், சாளரக் காலத்தின் நடுவில் வருகிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் 'தொற்று இல்லை' என்ற ஆறுதலும் பொய்யாக இருக்கலாம். இவர்கள் போக வேண்டிய இடம் அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையம். சோதனை இலவசம், ரகசியம், முன்னும் பின்னும் ஆலோசனை உண்டு. 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டால் அருகிலுள்ள மையத்தைச் சொல்வார்கள்.

நான்காவது, கேள்வியே புரியாமை. 'ஆபத்தான நடத்தை உண்டா' என்று கேட்டால் யாரும் தன் நடத்தையை ஆபத்து என்று நினைக்க மாட்டார்கள். 'கடந்த மூன்று மாதத்தில் புதிதாக ஒருவரோடு உடலுறவு கொண்டீர்களா' என்று கேட்டால் ஆம், இல்லை என்ற இரண்டே பதில்தான்.

'யார்' என்று கேட்பதா, 'என்ன நடந்தது' என்று கேட்பதா

2017 விதிகள் திருநங்கை, திருநம்பியர், ஆணோடு உறவு கொள்ளும் ஆண்கள், பாலியல் தொழில் செய்யும் பெண்கள் ஆகியோரை மொத்தமாக விலக்குகின்றன. இதை எதிர்த்து 2021இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. இந்தக் குழுக்களில் தொற்றின் விகிதம் அதிகம், ரத்தம் பெறுபவரின் பாதுகாப்பே முதன்மை என்பது அரசுத் தரப்பு வாதம்.

பிரிட்டனும் அமெரிக்காவும் எண்பதுகளில் இதே வகைத் தடையோடுதான் தொடங்கின. பிரிட்டன் 2011இல் அதை ஓராண்டாகவும், 2017இல் மூன்று மாதமாகவும் குறைத்தது. 2021 ஜூன் முதல் பாலினமோ பாலீர்ப்போ பாராமல் எல்லோரிடமும் ஒரே கேள்விகள். கடந்த மூன்று மாதத்தில் புதிய துணைவரோ ஒன்றுக்கு மேற்பட்டவரோ இருந்து, ஆசனவாய் உறவும் நடந்திருந்தால் மூன்று மாதம் தள்ளிவைப்பு. அமெரிக்கா 2015இல் ஓராண்டுக்கும் 2020இல் மூன்று மாதத்துக்கும் குறைத்து, 2023 மே மாதம் ஏறக்குறைய இதே முறைக்கு வந்தது.

இந்தியாவில் நாட் எல்லா இடத்திலும் இல்லை, சாளரம் அகலம் என்பதால் மூன்று மாத அளவை அப்படியே எடுத்துவர முடியாது என்ற எச்சரிக்கை நியாயமானது. ஆனால் அதனால் கேள்வியின் வடிவம் நியாயமாகிவிடாது. பத்தாண்டாக ஒரே துணைவரோடு வாழும் ஒரு திருநங்கையை விலக்கிவிட்டு, போன வாரம் புதியவரோடு இருந்த இளைஞனை 'பல துணைவர்கள்' என்ற மங்கலான சொல்லுக்குள் நழுவ விடும் கேள்வி, கிருமியைத் தேடும் கேள்வி ஆகாது. நீ யார் என்று கேட்டு வாழ்நாள் முழுக்க வாசலை மூடினால், பலர் தன்னை மறைத்துக்கொண்டு உள்ளே வருவார்கள். மூன்று மாதம் கழித்து வா என்றால் உண்மை சொல்ல ஒரு காரணம் கிடைக்கிறது.

உண்மைக்கு வழிவிடும் மேசை

நல்ல ரத்த மையத்தில் சில ஏற்பாடுகள் கண்ணில் படும். நேர்காணல் ஒருவரோடு ஒருவர், குரல் வெளியே கேட்காத இடத்தில் நடக்கும். முகாமில் தனி அறை இல்லையென்றால் திரை கட்டி, வரிசையைப் பத்தடி தள்ளி நிறுத்தினாலே பாதிப் பொய்கள் குறையும். கேட்பவர் 'தப்பு எதுவும் பண்ணலையே?' என்று கேட்க மாட்டார். அப்படிக் கேட்டால் வரக்கூடியது ஒரே பதில்தான்.

விலக்கும் விதமும் முக்கியம். ஹீமோகுளோபின் குறைவு, ரத்த அழுத்தம் சரியில்லை, மாத்திரை சாப்பிடுகிறார் என்று வெளியே சொல்லிக்கொள்ளப் பல காரணங்கள் உண்டு. எல்லா ஒத்திவைப்புக்கும் ஒரே மாதிரிச் சீட்டு கொடுத்தால், வெளியே வருபவரை யாரும் சந்தேகமாகப் பார்க்க முடியாது.

எண்பதுகளின் அமெரிக்காவில் இன்னொரு வழி முயன்றார்கள். ரத்தம் கொடுப்பவர் தனியாக இருக்கும்போது, 'பயன்படுத்தலாம்' அல்லது 'பயன்படுத்த வேண்டாம்' என்ற இரண்டு பார்கோடு ஒட்டிகளில் ஒன்றைப் படிவத்தில் ஒட்டிவிடுவார். கூட்டத்தில் வெட்கப்பட்டு உட்கார்ந்தவருக்கும் கடைசி நிமிடத்தில் ஒரு வழி. பின்னாளில் பல இடங்களில் கைவிட்டார்கள். ஆபத்து இல்லாத பலர் தெரியாமல் தவறான ஒட்டியை ஒட்டி நல்ல ரத்தம் வீணானதும், உண்மையான ஆபத்தைப் பிடித்தது குறைவு என்பதும் காரணங்கள். ஆனாலும் உறவினர் அழுத்தம் இவ்வளவு உள்ள நம் ஊருக்கு இதன் எளிய வடிவம் ஒன்று தேவை என்றே சொல்வேன்.

படிவத்தில் பலர் கவனிக்காத இன்னொரு வரி உண்டு: சோதனையில் ஏதாவது தெரிந்தால் உங்களுக்குத் தெரிவிக்கலாமா என்ற கேள்வி. அதற்கு 'ஆம்' என்று எழுதி, வேலை செய்யும் செல்போன் எண்ணைக் கொடுக்க வேண்டும். முகாம் படிவங்களில் ஒரு இலக்கம் தவறிய எண்களும், நண்பனின் எண்ணும், 'கல்லூரி விடுதி' என்ற அரைகுறை முகவரியும் சாதாரணம். தொற்று தெரிந்தாலும் ரத்த மையம் போனில் நோயின் பெயரைச் சொல்லாது. நேரில் வரச் சொல்லி, நம்பிக்கை மையத்தில் மறுசோதனைக்கு அனுப்பும். அந்த அழைப்பு போகாவிட்டால், சாத்தூருக்கு முந்தைய அந்த இரண்டு ஆண்டுகள் மறுபடி நடக்கும்.

கொடுத்த பிறகு மனம் உறுத்தினால்

உறவினர் முன்னால் சொல்ல முடியவில்லை, அல்லது வீட்டுக்கு வந்த பிறகுதான் கேள்வியின் பொருள் புரிந்தது. இப்போதும் தாமதமில்லை.

1. ரத்தம் கொடுத்ததும் தரும் அட்டை அல்லது சான்றிதழில் மையத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். கொடை எண் அச்சிட்டிருந்தால் அதைக் குறித்துக்கொள்ளவும். இல்லையென்றால் பெயர், தேதி, முகாம் நடந்த இடம் போதும்.
2. மையத்தை அழைத்து, மருத்துவ அலுவலரிடம் பேச வேண்டும் என்று கேட்கவும். காரணம் சொல்ல விருப்பமில்லாவிட்டாலும் 'என் ரத்தத்தைப் பயன்படுத்த வேண்டாம்' என்று தெளிவாகச் சொல்லவும்.
3. அன்றே அழைக்கவும். சிவப்பணுவும் பிளாஸ்மாவும் அலமாரியில் இருக்க வாய்ப்புண்டு. தட்டணுவுக்கு ஐந்து நாள்தான் ஆயுள், டெங்கு காலத்தில் அது ஒரு நாள்கூட அலமாரியில் தங்காது.
4. காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் தடிப்பு என்று அடுத்த சில வாரங்களில் ஏதாவது வந்தாலும் அதையும் சொல்லவும். புதிய எச்.ஐ.வி. தொற்று சிலரிடம் முதலில் இப்படித்தான் தலைகாட்டும்.
5. பை ஏற்கெனவே போய்விட்டது என்றாலும் அழைக்கவும். எந்த நோயாளிக்குப் போனது என்று பதிவேட்டில் தேடிப் பிடிக்க முடியும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் எதிர்பார்க்கலாம், அதிலும் முதல் சில மணி நேரத்தில் தொடங்குவது இன்னும் நல்லது. அந்த நோயாளியின் மருத்துவருக்கு உங்கள் அழைப்பு எப்போது போய்ச் சேருகிறது என்பதைப் பொறுத்தே அந்த மணி நேரங்கள் மிஞ்சும்.